மயிரிழை

விமானப் புரொப்பெல்லர் செய்யும் அந்தக் கம்பெனியில் பரிசோதகராக இருந்த மங்கையர்க்கரசி, புரொப்பெல்லரின் ஓர் இறக்கையில் மயிரிழை விரிசலைக் கண்டு, தேறாது என்று ஒதுக்கினாள். மேலாளர் வேறொருவரைக் கையெழுத்துப் போடவைத்து அதை அனுப்பிவிட்டு, அவளை வரவேற்பு மேசைக்கு மாற்றினார். மழைக்காலத்தில் அந்த இறக்கை பூட்டிய பயிற்சி விமானம் விழுந்து, ஓட்டிய பையன் இறந்துபோனான். அவன் தவறு என்று முடித்தார்கள்.

அவனுடைய அப்பா லூர்துராஜ் ஒருநாள் காலையில் வந்து அவள் எதிரே உட்கார்ந்தார். அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை.

"ஐயா, உங்க பையன் மேல தப்பில்ல. இறக்கைதான் ஒடிஞ்சிருக்கு. அந்த விரிசல நானே பாத்தேன். எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

அவர் அதிரவில்லை. காவலாளி காதில் விழுந்திருக்குமோ என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"தெரியும்மா. அவன் அப்படி ஓட்டுறவன் இல்ல." குரலைத் தாழ்த்தினார். "சின்னவனுக்கு இங்க வேலை போட்டுக் குடுத்திருக்காங்க. இன்னிக்குத்தான் சேர்றான். பெரியவன் தப்பாவே இருந்துட்டுப் போகட்டும்."

அழுவார், திட்டுவார் என்று நினைத்திருந்தாள். அவர் எழுந்து நின்று அவளைக் கும்பிட்டார். "சரிங்கய்யா" என்று அவள் சொல்லும்வரை கையை இறக்கவே இல்லை.