நடுத்தட்டு

குடோன்காரர் ஆணி டப்பாவைத் திறப்பார் என்று பார்த்தால், அதை ஓரமாக நகர்த்திவிட்டுச் சட்டைப் பையிலிருந்து நாலு திருகாணிகளை எடுத்தார்.

தையல்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டீ டம்ளரோடு பின்வாசல் படியிலேயே நின்றுவிட்டாள்.

அவர் மாடியில் தனியாகக் குடியிருப்பவர். முப்பது வருஷம் குடோனில் சரக்கு ஏற்றி இறக்கியவர். அங்கே பெட்டிகளுக்கு அடியில் கிடக்கும் மரத்தட்டை பேலட் என்பார்கள். ஓரம் உடைந்தால் தூக்கி வெளியே போட்டுவிடுவார்கள். அப்படி வீசிய ஒன்றைத் தோளில் சுமந்துவந்து, பலகை பலகையாகப் பிரித்து, கீழ்வீட்டுத் தையல்காரியின் பின்கட்டில் செடி வைக்க மூன்றடுக்கு ஸ்டாண்டு ஒன்று செய்து கொடுத்தார்.

மேல்தட்டு நின்றது. கீழ்த்தட்டு நின்றது. நடுத்தட்டு மட்டும் நாலு முறை விழுந்தாயிற்று. இன்றைக்கு ஐந்து.

விழுந்தது என்பதெல்லாம் ஒரு பேச்சுக்கு. பிடுங்கிவிட்டது அவள்தான்.

சும்மா சொல்லக்கூடாது, ஆள் கெட்டிக்காரி. முதலில் தொட்டிகளைப் பத்திரமாகக் கீழே இறக்கிவைப்பாள். சுத்தியலின் பின்பக்கத்தைக் கொடுத்து ஆணியை நெம்புவாள். ஒரே நெம்பில் வந்துவிடும். பலகையை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டு, தரையில் ஒரு பிடி மண்ணையும் தூவுவாள். அப்புறம் மாடிப்படிக்குக் கீழே போய் நின்று, "அண்ணே, மறுபடியும் விழுந்திடுச்சு" என்று பாவமாகக் குரல் கொடுப்பாள்.

அவர் வந்தால் அரைமணி நேரம். ஆணியடித்துக்கொண்டே பேசுவார். லாரி ரிவர்ஸில் வந்து குடோன் சுவரை இடித்த கதையை மூன்று முறை சொல்லியிருக்கிறார். மூன்று முறையும் அவள் அதே இடத்தில் சிரித்திருக்கிறாள்.

மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் மெஷின் சத்தம்தான். வருகிறவர்கள் பேன்ட்டை மேஜையில் போட்டு, ரெண்டு இஞ்ச் குறைக்கணும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சாப்பிட்டியா என்று கேட்க ஒரு நாதியில்லை.

சும்மா வாங்கண்ணே என்று கூப்பிட்டிருக்கலாம்தான். தனியாக இருக்கிற பொம்பளை கூப்பிட்டால் தெரு நாலு விதமாகப் பேசும். பலகை விழுந்தால் யார் என்ன பேச முடியும்?

இப்போது அந்தப் பலகையில் திருகாணி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் முழங்காலை ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டுத் திருகினார். கதை எதுவும் சொல்லவில்லை.

குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று அவள் நினைத்தாள். முகம் சூடாகிவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் இது தேவையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வெட்கத்தைவிட, இனி எதைச் சொல்லி இவரைக் கூப்பிடுவது என்கிற பயம்தான் பெரிதாக இருந்தது.

"ஏண்ணே, ஆணி போதாதா?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "ஞாயித்துக்கிழமை பையன் வந்து கூட்டிட்டுப் போறான், தங்கச்சி. இனிமே அவன்கூடத்தான். நான் போனப்புறம் இது விழுந்தா நீ யாரைக் கூப்பிடுவே?"

நல்ல விஷயம்தானே என்றாள். வேறு என்ன சொல்வது?

நாலாவது திருகாணியும் இறங்கியது. உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். ஆனை வந்து உட்கார்ந்தாலும் அசையாது. ஆறிப்போன டீயைச் சொட்டு விடாமல் குடித்தார். டப்பாவை மட்டும் எடுக்காமல் எழுந்தார்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும். எனக்கு அங்க எதுக்கு?"

அவர் படியேறிப் போன பிறகு அவள் தொட்டிகளை ஒவ்வொன்றாக நடுத்தட்டில் ஏற்றினாள். தட்டு கம்மென்று நின்றது. அதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

ஏதோ நினைப்பில் டப்பாவைத் திறந்தாள்.

மேலாக விரல் நீளத்துக்குப் புது ஆணிகள் கிடந்தன. இவ்வளவு நீள ஆணியை அவள் பார்த்ததேயில்லை. அவள் பிடுங்கியதெல்லாம் சுண்டுவிரலில் பாதிதான் இருக்கும். ஆணி என்றால் அவ்வளவுதான் போல என்று இருந்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஊசி.

அடியில் தனியாக ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தாள். அதே ஆணிகள்தான். ஒவ்வொன்றையும் பாதியில் வெட்டி, வெட்டிய முனையை அரத்தால் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கி வைத்திருந்தார். எண்ணிப் பார்க்காமலே தெரிந்தது, இன்னும் பத்து முறை விழுவதற்கு இருக்கும்.

பிரிப்பதற்கென்றே போடுகிற தையல் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அரை ஆணி ஒன்றைக் கைக்குள் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். மாடியில் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. இன்றைக்குப் புதன்.

எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போய் நின்றாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. திறந்திருக்கட்டும்.

"அண்ணே, ஒண்ணும் விழல. சும்மா வாங்க."