போன கடைக்குத்தான் பேர்

“பெரிய முள்ளு நின்னுபோச்சும்மா. கொஞ்சம் பார்த்துக் குடேன்.”

பெரியவர் ஒருவர் சுவர்க் கடிகாரத்தைத் தூக்கி, கேக் அலமாரியின் கண்ணாடி மேல் வைத்தார். உள்ளே, காலையில் செய்த கேக்குகள் ஒன்றுகூடக் குறையாமல் உட்கார்ந்திருந்தன.

“ஐயா, இது கேக் கடை” என்றாள் கேக் கடைக்காரி.

“கடிகாரக் கடைன்னு சொன்னாங்களே?”

“யார் சொன்னது?”

“தெருவே சொல்லுது.”

அவர் கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். கேக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பக்கத்துக் கடை டெய்லருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் போல வாசலில் நின்றார். கண் மட்டும் சுவரை அளந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் கட்டிங் டேபிள் போடலாம். எதிர்ச் சுவரில் மெஷின்கள். மூலைக் கடை, இரண்டு தெருவுக்கும் வாசல். அவருடைய கடையிலோ கையை நீட்டித் துணி வெட்டினால் முழங்கை சுவரில் இடிக்கும். இவள் காலி செய்தால் கடை எனக்குத்தான் என்று கட்டடக்காரரிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார்.

“காலையிலேர்ந்து ஆளாளுக்குக் கடிகாரத்தைத் தூக்கிட்டு வர்றாங்கண்ணே. ஒருத்தராவது கேக்குன்னு வாயைத் திறக்கட்டுமே! போர்டைப் பெருசு பண்ணினேன். சுத்தி லைட்டு போட்டேன். இந்த மாசமும் இப்படியே போனா சாவியைக் குடுத்துடும்மான்னு கட்டடக்காரர் சொல்லிட்டாரு.”

“போர்டா? இந்தத் தெருவுல போர்டை எவன் படிக்கறான்? பேங்க் எங்க இருக்குன்னு யாரையாவது கேளு. தியேட்டர்ல இறங்குன்னுவாங்க. தியேட்டரை இடிச்சுட்டுத்தான் பேங்க்கே கட்டினாங்க. மருந்துக் கடைக்குப் பேரு இன்னும் பாத்திரக் கடை. அவ்வளவு ஏன், என் கடையில முன்னாடி போட்டோ ஸ்டுடியோ இருந்துச்சு. வருஷக் கணக்கா துணி தைக்கறேன், என்னைப் போட்டோக்காரர்னுதான் கூப்பிடறாங்க. நேத்துகூட ஒருத்தர் தலையைச் சீவிக்கிட்டு வந்து உட்கார்ந்து, ‘சிரிக்கணுமா, சும்மா இருக்கணுமா?’ன்னு கேட்டாரு.”

அவள் சிரித்துவிட்டாள். டெய்லருக்குப் பிடிக்கவில்லை. அழுதால் அல்லவா சீக்கிரம் காலி செய்வாள்?

“சிரிக்காதேம்மா. இந்தத் தெருவுல இருக்கற கடைக்குப் பேர் கிடையாது. போன கடைக்குத்தான் பேரு. கேக் கடைன்னு நாலு பேர் சொல்லணும்னா நீ மூடிட்டுப் போகணும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவள் மாவு ஒட்டிய விரலால் கன்னத்தைச் சொறிந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குத்தவேண்டிய இடத்தில் குத்தியாயிற்று என்ற திருப்தியோடு டெய்லர் தன் கடைக்குத் திரும்பினார்.

வாரக் கடைசியில் மூலைக் கடையின் ஷட்டர் இறங்கியது. ‘கேக் கடை மூடப்பட்டது’ என்று ஓர் அட்டை தொங்கியது. டெய்லர் நேராகத் தச்சரிடம் போய் கட்டிங் டேபிளுக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

தெருதான் திடீரென்று ஒப்பாரி வைத்தது.

“அடப் பாவமே, கேக் கடையை மூடிட்டாங்களாமே!” என்றார் மருந்துக் கடைக்காரர்.

“என்ன ருசி! என்ன கைப்பக்குவம்!” என்றார் பேங்க் காவலாளி. அந்தக் கடைப் படியில் அவர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

திங்கட்கிழமை டெய்லர் வரும்போது ஷட்டர் திறந்திருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு குடைகள் விரிந்து தொங்கின. மேலே புது போர்டு: ‘குடைக் கடை’.

டெய்லர் உடனே கட்டடக்காரருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. எவனோ குடை விற்கிறவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு எப்படி எடுப்பார்? போகட்டும், மழையில்லாத மாசம், குடைக்காரன் எத்தனை நாள் தாங்குவான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். தொங்கிய குடைகளில் ஒன்றில் ஒட்டு வேறு போட்டிருந்தது. பழைய குடையையெல்லாம் விற்கிறான், திருட்டுப் பயல்.

“போட்டோக்காரரே, கேக் கடை எங்க இருக்கு?” என்று ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தாள்.

“அதோ, குடை தொங்குதே, அதான் கேக் கடை.”

சொன்ன பிறகுதான் தன் வாயில் என்ன வந்தது என்று உறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். அந்தப் பெண்மணிக்குப் பின்னால் இன்னொருவர் அதையே கேட்டார். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம். எல்லோரும் குடைகளுக்குள் நுழைந்தார்கள், ஆளுக்கொரு பெட்டியோடு வெளியே வந்தார்கள். சதுரப் பெட்டி. மடக்குக் குடையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். சுவரில் ஏறிய வாசனை இன்னும் போகவில்லை போலிருக்கிறது, காற்றில் வெண்ணெய் மணத்தது.

மதியத்துக்குள் பொறுமை போயிற்று. இத்தனை குடை விற்கிறவனின் மூஞ்சியையாவது பார்க்கலாமென்று, குடைகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

முகத்தில் அடுப்புச் சூடு அடித்தது. எதிரே அதே கண்ணாடி அலமாரி, துடைத்துவிட்டாற்போல் காலி. பின்பக்கத்திலிருந்து ஆவி பறக்கும் தட்டைத் தூக்கிக்கொண்டு கேக் கடைக்காரி வந்தாள்.

“வாங்க போட்டோக்காரரே! நீங்க சொன்னபடியே மூடிட்டேன்” என்றாள். “போகத்தான் இல்லை.”