லைனிலேயே இருங்க

"இன்னும் கொஞ்சம் உள்ள போய்க் காட்டுங்க மச்சான். கட் பண்ணிராதீங்க."

அஃப்ரின் தென்காசி வீட்டு மொட்டைமாடியில், குற்றாலத்து மலைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு போனைப் பிடித்திருந்தாள். திரையில், சவூதிப் பாலைவனத்தில், பாறையைக் குடைந்து வாசல் வைத்த பழைய ஊர் ஒன்று வெயிலில் சிவந்து கிடந்தது. அவள் புருஷன் ரிஃபாத் அதற்குள் தனியாக நடந்துகொண்டிருந்தான்.

கீழே கூடத்தில் அவனைப் பெற்ற வாப்பா துல்கர்னைன் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார். விடியும் முன்பே மவுத்தாகிவிட்டார்.

"அவன்கிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது" என்று காலையிலேயே உத்தரவு போட்டுவிட்டார் பெரிய வாப்பா கிதிர் முகம்மது. துல்கர்னைனின் அண்ணன், பள்ளிவாசல் ஜமாஅத்தின் செயலாளர். அவர் சொன்னால் சொன்னதுதான். "லீவு நாளுன்னு ஒத்தைக்கு வண்டி ஓட்டிட்டு ஊரு பாக்கப் போயிருக்கான். அங்கன வச்சு இதைக் கேட்டா, கையும் ஓடாது காலும் ஓடாது, எப்படித் திரும்பி வருவான்? ரூமுக்குப் போய்ச் சேரட்டும். நாலு பேரு பக்கத்துல இருக்கும்போது சொல்லுவோம்."

சவூதியிலும் துபாயிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவரே போன் போட்டு வாயைக் கட்டினார். அப்படியும் மனசு ஆறவில்லை.

"எவனாவது ஒளறிருவான். நீ பேசிக்கிட்டே இரு தாயி. அவன் லைன் காலியா இருக்கக் கூடாது."

அதனால்தான் பேசிக்கொண்டே இருக்கிறாள். கல்லையும் மண்ணையும் பற்றி அவள் தன் ஆயுசில் இவ்வளவு கேட்டதில்லை.

"அது என்ன மச்சான், பெரிய வாசலு?"

"கபுரு, பாறைக்குள்ளயே அடக்கியிருக்காவ. ஸமூது கூட்டத்து ஊருல்லா இது..." ரிஃபாத் கண்ணைத் துடைத்தான்.

அஃப்ரினுக்குத் திக்கென்றது. "அழுவுதியளா?"

"அழிஞ்சுபோன கூட்டத்து எடம். அழுதுக்கிட்டுத்தான் இதுக்குள்ள போவணும், இல்லாட்டிப் போவக் கூடாதுன்னு நபி சொன்ன ஹதீஸ் இருக்குல்லா."

ஆமாம், அவளும் ஓதின காலத்தில் கேட்டிருக்கிறாள். அப்பாடா என்று இருந்தது. அதே சாக்கில், காலையிலிருந்து நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்ததை அவளும் கொஞ்சம் அழுது தீர்த்தாள். மாமனார் என்று பெயர்தானே தவிர, அவளை மகளாகத்தான் வைத்திருந்தார்.

வழக்கமாகப் போனை எடுத்ததும் "வாப்பா எங்க?" என்றுதான் ஆரம்பிப்பான். இன்றைக்கு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஏதோ அல்லாஹ் காப்பாற்றினான் என்று நினைத்துக்கொண்டாள்.

பேட்டரி குறையக் குறைய சார்ஜரைச் சொருகிக்கொண்டு பேசினாள். அவனும் சலிக்காமல் பாறை பாறையாகக் காட்டினான்.

சாயங்கால அசர் தொழுகை நேரம் நெருங்கியது. மேற்கேயிருந்து சாரல் இறங்கியது. மாமனாரைத் தூக்கிப்போகச் சந்தூக்குப் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. பெரிய வாப்பா மாடிப்படியில் பாதி ஏறி வந்து, எடுக்கப் போகிறோம் என்று கையைக் காட்டிவிட்டு இறங்கினார். கீழே கலிமா சொல்லும் சத்தமும் மாமியின் அழுகையும் ஒன்றாகக் கிளம்பின.

அஃப்ரின் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். இவ்வளவு நேரம் கட்டிக் காத்தது இப்போது போய்விடுமே!

"மச்சான், இங்கன மழை வந்துட்டு. ஒரே எரைச்சலா இருக்கு. ஒரு நிமிஷம் மியூட்ல போடுதேன்..."

"போடாத அஃப்ரின்."

அவன் நடப்பதை நிறுத்திவிட்டான்.

"போனைத் தூக்கிக்கிட்டுக் கீழ எறங்கு. இங்கன வந்து எறங்கினதும் நம்ம ஜமாஅத் வாட்ஸப் குரூப்பைத் தொறந்தேன், பெரிய வாப்பா குரல்லயே வாப்பா மவுத்துச் செய்தியைக் கேட்டுட்டேன். எடுக்கும்போது நானும் வீட்டுல இருக்கணும்னுதான் காலையில இருந்து லைனை விடாமப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."