கால்பலகை

"சிரிக்க மாட்டேன்னு முதல்ல சத்தியம் பண்ணு மாப்ளே" என்று வெண்டல் போனில் கிசுகிசுத்தார்.

"சிரிக்கலை. மணி முழுசா அடிக்கறதுக்குள்ள எடுத்துட்டேன், பார்த்தியா? விஷயத்தைச் சொல்லு மச்சான்." மறுமுனையில் ஆர்விட். வெண்டலின் தங்கை லவோனின் கணவர்.

"என் பரணோட கால்பலகை நழுவிக் கீழே விழுந்துடுச்சு."



மான் வேட்டைக்காக வெண்டல் கிளையில்லாத ஒரு பைன் மரத்தில் இருபதடி உயரத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பரண் இரண்டு துண்டு. மேல் துண்டில் உட்கார வேண்டும், கீழ்த் துண்டில் கால் வைக்க வேண்டும். ஒன்றில் கனத்தை வைத்து மற்றதை நகர்த்தி, கம்பளிப்புழு மாதிரி ஏறலாம், இறங்கலாம். அந்தக் கீழ்த் துண்டுதான் இப்போது மரத்தடிப் பனியில் மல்லாந்து கிடந்தது.

"ரெண்டு துண்டையும் கயித்தால சேர்த்துக் கட்டினியா?"

"கட்டியிருந்தா உனக்கு ஏன்யா போன் பண்றேன்?"

"நேத்து கேம்ப்ல முக்கால் மணி நேரம் தொண்டை வறளப் பேசினேனே. முதல்ல கயிறு, அப்புறம்தான் ஏறணும்னு. அப்ப நீ என்ன பண்ணிட்டு இருந்தே?"

"சீட்டு ஆடிட்டு இருந்தேன்."

"இந்த வயசுல ஏணிப் பரண் வாங்குன்னு கடையிலயும் சொன்னேன். கனமா இருக்கு, தூக்க முடியாதுன்னே."

"நீயும் இதையேதானே வாங்கினே?"

"எனக்கு அதைக் கையாளத் தெரியும்."

எந்த மரம், எத்தனை அடி, காற்று எந்தப் பக்கம் என்று ஆர்விட் சொல்லிவிட்டால் அந்த வட விஸ்கான்சின் காட்டில் மறுபேச்சு கிடையாது.

அவர்களுடைய வேட்டை கேம்ப்பில் ஒரு சுவர் உண்டு. குறி தப்பினவன், பரணில் தூங்கிப்போனவன், வேறு ஏதாவது அசட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்டவன், எல்லாருடைய சட்டையின் பின்பக்கத்தையும் வெட்டி, பெயரும் வருடமும் எழுதி அதில் ஆணியடிப்பார்கள். ஐந்து துண்டு சேர்ந்துவிட்டால் அடுத்த வருடம் துப்பாக்கியைத் தொடக்கூடாது, சமையல்தான். வெண்டலுக்கு ஏற்கெனவே நான்கு. ஆர்விட்டுக்கு முப்பது வருடத்தில் ஒன்றுகூட இல்லை. சமையலை நினைத்து வெண்டல் பயப்படவில்லை. வருடம் பூராவும் அவர் காத்துக் கிடப்பதே இந்த ஒன்பது நாள் வேட்டைக்குத்தான்.

"பதினோரு மணிக்குச் சாப்பாடு மாப்ளே. நான் போகலைன்னா பத்து பேரும் கூட்டமாத் தேடி வந்துடுவாங்க. அதுக்குள்ள நீ மட்டும் சத்தமில்லாம வந்துடு. மேட்டுக்கு அந்தப் பக்கம்தானே இருக்கே, பத்து நிமிஷ நடை."

"இப்ப வர முடியாது."

"ஏன்?"

"காத்து வடக்கேருந்து அடிக்குது. நான் நடந்தா என் வாசனை பள்ளம் பூரா பரவிடும். அப்புறம் ஒரு மான் எட்டிப் பார்க்காது."

"மச்சானைவிட மான் பெருசாப் போச்சா?"

"பத்துக் கிளைக் கொம்பு மச்சான். எதிர்லயே நிக்குது. அசைஞ்சா ஓடிடும்."

"அப்ப சுட்டுட்டு வா."

"மரத்துக்குப் பின்னால நிக்குதே."

"இவ்வளவு நேரமாப் பேசறே, ஓடலையா?"

"செவிட்டு மான் போல."

வெண்டலின் கால் மரத்துக்கொண்டு வந்தது. அதைச் சொன்னதும் ஆர்விட்டின் குரல் கனிந்துவிட்டது.

"காலைச் சும்மா தொங்கவிடாதே. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மடக்கி நீட்டு. இடது பக்கம் வலிச்சா வலது பக்கம் சாஞ்சுக்கோ. பாதுகாப்பு வார் தோளை அறுக்கும், கையுறையைக் கழட்டி உள்ள திணிச்சுக்கோ. கீழே மட்டும் பார்க்காதே, பார்த்தா ஒண்ணுக்கு வரும்."

சொன்னபடி செய்ததும் நிஜமாகவே வலி குறைந்தது. என்ன இருந்தாலும் அனுபவம் அனுபவம்தான் என்று வெண்டல் நினைத்துக்கொண்டார். கடைசி அஸ்திரத்தையும் எடுத்தார்.

"மான் நிறைய வர்ற என் ஓடைக்கரை ஓக் மரத்தை இருபது வருஷமாக் கேக்கறியே, அதை உனக்கே விட்டுத் தர்றேன். ஆயுசுக்கும். இப்பவாவது வா."

மறுமுனையில் நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது.

"ஆசையாத்தான் இருக்கு. நீ பேசாம லவோனுக்குப் போன் பண்ணு."

"அவகிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுடும். உன் பொண்டாட்டிதானே, நீயே கூப்பிட்டு, யார்கிட்டயும் சொல்லாம வான்னு சொல்லேன்."

"ஐயோ, நான் கூப்பிட்டா ஆயிரம் கேள்வி கேப்பா. கூடப் பிறந்தவன் கூப்பிட்டா மனசு இளகி ஓடி வருவா."

வெண்டலுக்குக் கோபமும் வந்தது, அதைவிட அதிகமாக வருத்தமும் வந்தது.

"முப்பது வருஷமா உன்னைக் கூடப் பிறந்தவன் மாதிரிதான் நினைச்சிருந்தேன். ஒருத்தன் அந்தரத்துல தவிக்கறான், நீ செவிட்டு மானைக் கட்டிட்டு அழறே. சரி, அவளையே கூப்பிடறேன். கொட்டகையில இருக்கற பெரிய ஏணியை வண்டியில போட்டுட்டு வரச் சொல்றேன். இனிமே என் மூஞ்சியில முழிக்காதே."

"மச்சான், வச்சுடாதே" என்றார் ஆர்விட். குரல் சுத்தமாக இறங்கியிருந்தது. "அந்த ஏணியை முதல்ல என் மரத்துக்குக் கொண்டு வரச் சொல்லு. என் பலகை ஆறு மணிக்கே விழுந்துடுச்சு."