நெஞ்சுக்குள் பார்க்கும் மெஷின்

“என்ர உடம்புக்குள்ள என்ன கிடக்கெண்டு பாக்கிறதுக்கு அந்த மெஷின் ஆர்?” என்று இருமலுக்கு நடுவே கேட்டார் அருளம்பலம்.

மூன்று மாதமாக அந்த இருமல். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களைக் கயிற்றால் கட்டுவது அவர் வேலை. நெஞ்சைப் படமெடுத்து, காசம் இல்லையென்று டொக்டர் எழுதித் தந்தால்தான் இனி வேலை என்று துறைமுகத் துரை சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே மெஷின் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

அந்த ஒரு மாதத்தில், மெஷினைப் பார்க்காமலே அதைப்பற்றி ஊருக்கு அதிகம் சொன்னவர் அருளம்பலம். அதன் வெளிச்சம் பட்டால் இரத்தம் பாதி வற்றிவிடும், கடைவாய்ப் பல் ஆடும் என்றார். அவர் இருந்த லிங்கநகர் முழுக்க நம்பியது. துணிந்து படமெடுத்து வந்த அவருடைய கூட்டாளி அபூதாஹிருக்கு நிழல் மெலிந்துவிட்டதாகக் கதை வந்தது. அபூதாஹிர் ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்று நிழலைக் காட்டினார். பார்த்தவர்கள், முந்தி இன்னும் அகலம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அருளம்பலத்தின் மனைவி கோணேஸ்வரி சண்டை பிடிக்கவில்லை.

“இஞ்சாருங்கோ, வெள்ளைச் சீலை எனக்கு வடிவா இராது,” என்றாள். “நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கோ.”

அவர் கொஞ்ச நேரம் இருமினார்.

“சரி. ஆனா நீ வரப்படாது.”

“ஏன்?”

“அது பொம்பிளையளுக்குக் கூடாத மெஷின்.”

அவள் வந்தாள். படமெடுக்கும்வரை வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். பிறகு டொக்டர் கூப்பிட்டபோது, புருஷனுக்கு முன்னே உள்ளே போய்க் கதிரையில் அமர்ந்தவளும் அவள்தான்.

டொக்டர் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் முதுகெலும்பு, இரண்டு பக்கமும் விலா எலும்புகள், சீப்புப் பல்லைப்போல வெள்ளை வெள்ளையாக. கோணேஸ்வரி முன்னே குனிந்து உற்றுப் பார்த்தாள். அருளம்பலத்துக்கு வியர்த்தது.

“பயப்பிடாதையுங்கோ, காசம் இல்லை,” என்றார் டொக்டர். “ரெண்டு கிழமை மருந்து குடியுங்கோ. வேலைக்குக் கடிதம் தாறன்.”

கோணேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அருளம்பலத்தின் கண் மட்டும் படத்தை விட்டு அகலவில்லை. கடைசியில் தலை குனிந்து, மனைவியிடம் மெல்லச் சொன்னார்:

“என்ர இருமல் மாறவெண்டு வெருகல் முருகனுக்கு நேர்ந்து, நாங்கள் ரெண்டு பேரும் மீன் திண்ணுறதை விட்டது உண்மைதான். ஆனா லாபிரிட சாப்பாட்டுக் கடையில ஒரே ஒருநாள் திண்ட பாரை மீன், இப்பிடி முள்ளு முழுக்க வரிசையாக் கிடக்குமெண்டு ஆர் கண்டது?”