இன்னொரு தடவை போடுங்க

வேலியோர முள்புதருக்கு முன்னால் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறோம். இளவேனில் வெயில் இன்னும் சூடேறவில்லை. புல்லின் ஈரம் செருப்புக்குள் ஏறுகிறது. இரவெல்லாம் கடல் தாண்டி வந்த மஞ்சள் தொண்டைக் குருவி ஒன்று புதருக்குள் புழு தேடிக்கொண்டிருக்கிறது. எங்களைக் கூட்டிவந்த பல் டாக்டர் செல்போனை உயர்த்தி, அதே இனத்து ஆண்குருவியின் பாட்டை ஒலிக்கவிடுகிறார். தன் இடத்தைப் பிடிக்க வேறொருவன் வந்துவிட்டான் என்று நம்பிய குருவி, கிடைத்த புழுவையும் போட்டுவிட்டு, இலையில்லாத கிளைக்கு வந்து உடம்பே நடுங்கப் பதில் பாடுகிறது. கேமராக்கள் சடசடக்கின்றன.

"பாவம் டாக்டர், அதைச் சாப்பிட விடுங்க," என்கிறாள் சித்தி.

"சோறா ரோஷமான்னா இவனுக்கு ரோஷம்தாம்மா. உங்க வீட்டுக்காரர் மாதிரி."

வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சித்தியும் சிரிக்கிறாள். பிறகு கேமராத் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறாள். "கண்ணு மங்கலா விழுந்திருக்கு. இன்னொரு தடவை போடுங்க."

மறுபடி பாட்டு. மறுபடி அதே கிளையில் குருவி. இப்போது இறக்கைகள் தொங்குகின்றன. பாடி முடித்தும் அலகு மூடவில்லை. மேலேயிருந்து பழுப்பாக ஏதோ விழுகிறது. வல்லூறு குருவியைத் தூக்கிக்கொண்டு போனபின் கிளை மட்டும் ஆடுகிறது. ஒரு சின்ன மஞ்சள் இறகு அவசரமில்லாமல் இறங்கி வருகிறது. சித்தி திரையைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். "இந்தத் தடவை கண்ணு நல்லா விழுந்திருக்கு," என்கிறாள் மெதுவாக.

நிறுத்த மறந்த செல்போன் இன்னும் பாடுகிறது. புதரின் மறுபக்கத்திலிருந்து வேறொரு குருவி பதில் பாடுகிறது.

"உஷ், யாரும் அசையாதீங்க," என்று டாக்டர் சத்தத்தைக் கூட்டுகிறார்.