முப்பத்தெட்டு வினாடி

மூடுபனியில் ஹெலிகாப்டர் கிளம்ப வேண்டுமென்றால், உள்ளே இருக்கும் அத்தனை பேரும் சம்மதமென்று அதிலுள்ள கருவியில் விரல் வைத்தாக வேண்டும். ஒருவர் வைக்காவிட்டாலும் அது எழும்பாது. கொடைக்கானலில் அமைச்சர் உட்பட ஆறு பேர் உடனே வைத்துவிட்டார்கள். அவருடைய மெய்க்காவலர் சோலைமலை மட்டும் முப்பத்தெட்டு வினாடி கழித்து வைத்தார். மலையில் மோதியதில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அந்த முப்பத்தெட்டு வினாடியைத்தான் நாடே நோண்டிக்கொண்டிருந்தது. சதி ஏதும் தெரிந்திருக்குமோ? அமைச்சர் அதட்டினாரோ? மதுரையில் சோலைமலையின் வீட்டு வாசலில் மெழுகுவத்திகளும் மைக்குகளும் குவிந்தன.

“அக்கா, அவர் எதுக்குத் தயங்குனாருன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள் ஒரு நிருபர்.

சோலைமலையின் மனைவி தவமணி போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்த முப்பத்தெட்டு வினாடியும் அவர் இவளோடுதான் பேசிக்கொண்டிருந்தார்.

“இங்க ஒரே பனியா இருக்கு. நான் விரல் வைக்கலேன்னா நாளைக்குத்தான் கெளம்பும். என்ன செய்யட்டும்?”

“விடிஞ்சா பாப்பாவுக்குக் காதுகுத்து. அப்பா இல்லாம எப்படிங்க? வந்துருங்க.”

“தெரியலம்மா” என்று நிருபரிடம் சொன்னவள், இடுப்பிலிருந்த பாப்பாவின் மூளிக்காதை முந்தானையால் மூடிக்கொண்டாள்.